கணிப்போரும் கணினியும்

நமது பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாகி ஆண்டுகள் பலவாயின. கணினி, நிரல், வன்பொருள், நினைவகம், தரவு ஆகிய சொற்களுக்கு மாணவர் வரைவிலக்கணங்களை மனனஞ் செய்கின்றனர், பரீட்சையில் எழுதுகின்றனர், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இதற்கு மாணவரை மட்டும் நோவதிற் பயனில்லை. வானத்திலிருந்து வீழ்ந்தவை போல வந்து சேரும் சொற்கள் மனத்தில் வேரூன்றுவதில்லை. ஒரு சொல் எக்காலத்தில், எத்தேவையின் பொருட்டு, யாருடைய உழைப்பினடியாகப் பிறந்தது என்று அறியும்போதே அது நமதாகின்றது. கணினித்துறையின் அடிப்படைச் சொற்கள் சிலவற்றை இந்நோக்கில் ஆராய்வோமாயின், அவற்றினுள்ளே மறைந்திருக்கும் மனிதர் பலரைக் காண்போம்.

முதலில் கணினி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘கொம்பியூட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டு முதலே வழக்கிலிருந்து வருகின்றது. அக்காலத்தில் அச்சொல் கணக்கிடும் ஆளைக் குறித்தது. கடலோடும் கப்பல்கள் தாம் நிற்குமிடத்தை அறிவதற்குச் சந்திரனுடைய நிலைகளைக் கூறும் பஞ்சாங்கமொன்று பிரித்தானியப் பேரரசுக்குத் தேவைப்பட்டது. 1767ஆம் ஆண்டுக்குரிய முதற் பஞ்சாங்கம் நெவில் மாஸ்கெலைன் என்னும் வானியலறிஞரின் மேற்பார்வையில் வெளிவந்தது. அதிலுள்ள எண்களைக் கணித்தவர்கள், தத்தம் வீடுகளிலிருந்து கூலிக்குக் கணக்கிட்டு அனுப்பிய ‘கொம்பியூட்டர்கள்’ ஆவர்.

தமிழிலும் நிலைமை இதுவே. நாள், கோள் ஆகியவற்றின் நிலையறிந்து கூறுவோனைப் பண்டைத் தமிழர் கணியென்றும் கணியனென்றும் அழைத்தனர். கணியன் பூங்குன்றனார் என்னும் சங்கப் புலவரின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. கணினி என்னும் இக்காலச் சொல்லும் அவ்வடியினின்றே ஆக்கப்பட்டது. இரு மொழிகளிலும் மனிதனின் பெயரே பின்னர் இயந்திரத்திற்குச் சென்றது.

அத்தகைய மனிதருள் ஒருவர் நம் அயல்நாட்டவர். கல்கத்தாவிற் பிறந்த இராதாநாத் சிக்தார் 1831இல் இந்தியப் பெருமுக்கோண அளவைத் திணைக்களத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்திற் சேர்ந்தார். அவருடைய பதவியின் பெயரே ‘கொம்பியூட்டர்’ என்பதாகும். நூறு மைலுக்கும் அப்பாலிருந்து எடுக்கப்பட்ட அளவைகளைக் கொண்டு, ‘பதினைந்தாம் சிகரம்’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த இமயமலை முடியே உலகில் உயர்ந்ததெனத் தெளிவித்த கணிப்பில் அவருக்கு முதன்மையான பங்குண்டு. அதன் உயரம் 29,002 அடியென 1856இல் அறிவிக்கப்பட்டது. 1865இல் அச்சிகரத்திற்கு இடப்பட்ட பெயரோ, முன்னைய அளவையதிபதியான ஜோர்ஜ் எவரெஸ்டின் பெயராகும்.

சிக்தாரின் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சியும் நோக்கற்பாலது. 1843இல் ஆங்கிலேய நீதிபதியொருவர் அளவைத் திணைக்களத்தின் தொழிலாளரைக் கூலியின்றித் தமக்கு வேலை செய்வித்தபோது, சிக்தார் அதனை எதிர்த்து நின்றார். அதற்காக 200 ரூபா தண்டம் விதிக்கப்பெற்றார். அவர் இறந்தபின் 1875இல் வெளியான அளவைக் கையேட்டின் பதிப்பில், அதன் அறிவியற் பகுதிகளை எழுதியவர் அவரே என்ற குறிப்பு நீக்கப்பட்டது. கணித்தவனின் பெயரை அழிக்கும் வழக்கம் இயந்திரம் வருவதற்கு முன்னரே தொடங்கிவிட்டதென்பதற்கு இது சான்றாகும்.

மனிதன் செய்த கணிப்பு இயந்திரத்திடம் சென்றது எவ்வாறு? இவ்வினாவிற்குரிய விடையைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலே தேடவேண்டும். 1790களில் காஸ்பார் த புறோனி என்னும் பொறியியலாளர் மாபெரும் மடக்கை அட்டவணைகளை ஆக்கும் பணியை ஏற்றார். குண்டூசித் தொழிலில் வேலைப்பிரிவினை உற்பத்தியைப் பெருக்குவதை அடம் சிமித் 1776இல் தமது நூலில் விளக்கியிருந்தார். குண்டூசி செய்வது போலவே எண்களையும் செய்யலாமென்று புறோனி கருதினார். கணித மேதைகள் சிலர் வாய்பாடுகளை வகுத்தனர். அவற்றை எண்களாக்க அடுத்த பிரிவினர் சிலர் அமைந்தனர். எஞ்சிய அறுபது எழுபது பேர் கூட்டலும் கழித்தலும் மட்டுமே செய்தனர். இவர்களிற் பெரும்பாலோர் அதற்கு மேற் கணிதம் அறியாதவர்கள். ஒருவன் செய்யும் வேலையைச் சிந்தனை வேண்டாத சிறு துண்டுகளாக வெட்டிவிட்டால், அத்துண்டுகளைச் செய்ய இயந்திரமொன்று போதும் என்னும் எண்ணம் எழுதல் இயல்பே.

அவ்வெண்ணத்தைப் பற்றிக்கொண்டவர் இங்கிலாந்தின் சார்ள்ஸ் பாபேஜ். 1832இல் வெளியான தமது பொருளியல் நூலில் அவர் புறோனியின் முறையை விரித்துரைத்தார். வேலையைப் பிரிப்பதனால், ஒவ்வொரு துண்டுக்கும் வேண்டிய திறமையை மட்டும் விலைகொடுத்து வாங்க முதலாளிக்கு இயலுமென்று அவர் காட்டினார். திறமை குறைந்தால் கூலியும் குறையுமல்லவா? இந்நூலைக் கார்ல் மார்க்ஸ் ஊன்றிப் படித்தார். 1867இல் வெளிவந்த ‘மூலதன’த்தில் அதனை எடுத்தாண்டார். கணினியின் முன்னோடியெனப் போற்றப்படும் பாபேஜ், தொழிற்சாலையின் ஆய்வாளராகவும் விளங்கினார் என்பதை நமது பாடநூல்கள் கூறுவது அரிது.

பாபேஜ் 1830களில் வரைந்த பகுப்பியந்திரத்தின் உறுப்புகளுக்கு இட்ட பெயர்களிலேயே தொழிற்சாலையின் ஓசை கேட்கின்றது. கணிப்பு நடக்கும் பகுதிக்கு அவர் ‘ஆலை’ என்று பெயரிட்டார். எண்களை வைத்திருக்கும் பகுதிக்குக் ‘களஞ்சியம்’ என்றார். இன்று நாம் முறைவழியாக்கி, நினைவகம் எனக் கூறுபவை இவற்றின் வழித்தோன்றல்களே. இயந்திரத்திற்குக் கட்டளையிட அவர் தெரிந்துகொண்ட துளையிட்ட அட்டைகள், 1800களின் தொடக்கத்திற் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார் அமைத்த பட்டுத்தறியிலிருந்து பெறப்பட்டவை. பூவேலைப்பாட்டை நெய்யும் கைத்திறன் அட்டைக்கு மாறியதால், லியோன் நெசவாளர் அத்தறியை வெறுத்தனர்.

இங்கிலாந்திலும் 1811, 1812ஆம் ஆண்டுகளில் நெசவாளர்கள் தறிகளை உடைத்தனர். தறி உடைப்போருக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டமூலம் வந்தபோது, பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசியவர் கவிஞர் பைரன். அவருடைய மகள் அடா லவ்லேஸ் 1843இல் பாபேஜின் இயந்திரத்திற்கு எழுதிய குறிப்புகளில், எண்களைக் கணிக்கும் படிகளை ஒழுங்காக நிரைப்படுத்திக் காட்டினார். உலகின் முதல் நிரலெனப் பலர் கொள்வது அதனையே. தந்தை தறியுடைத்தோருக்காக வாதாடினார். மகள் தறியின் அட்டையிலே புதியதோர் அறிவியலின் வித்தைக் கண்டார். இரண்டுக்குமிடையே முரண்பாடில்லை. தறி தீங்கன்று, அத்தறி யாருடைமை, யாருக்காக ஓடுகின்றது என்பதே கேள்வி.

பாபேஜின் இயந்திரம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. நூறாண்டு கழிந்து, போர் அத்தேவையை மீண்டும் எழுப்பிற்று. பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணிக்க அமெரிக்க இராணுவம் கணிதங் கற்ற பெண்களை அமர்த்தியது. அவர்களும் ‘கொம்பியூட்டர்கள்’ என்றே அழைக்கப்பட்டனர். அவ்வேலைக்காகப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்ட எனியாக் என்னும் இலத்திரனியற் கணினி 1946இல் உலகுக்குக் காட்டப்பட்டது. ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அதற்கு நிரல் அமைத்தவர்கள் அக்கணிப்போரிலிருந்து தெரியப்பட்ட ஆறு பெண்கள். இயந்திரத்தை ஆக்குவது ஆண்களின் பொறியியலாகவும், நிரலாக்குவது எழுதுவினைஞர் வேலையாகவும் எண்ணப்பட்டன. வெற்றிவிழாவின் இரவு விருந்துக்கு அப்பெண்கள் அழைக்கப்படவில்லை.

வன்பொருளென நாம் கூறுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஹாட்வெயர்’ என்பது ஆணி, பூட்டு முதலிய இரும்புச் சாமான்களைக் குறித்த பழைய சொல். நம் நகரங்களின் ஹாட்வெயர் கடைகள் அப்பொருளை இன்றும் காத்து நிற்கின்றன. அதற்கு எதிர்ச்சொல்லாக மென்பொருளைக் குறிக்கும் ‘சொவ்ட்வெயர்’ 1958இல் அச்சேறியது. பெயரில்லாத நாளில் அவ்வேலையைச் செய்தோருட் பெண்கள் பலர். வேலைக்குப் பெயரும் மதிப்பும் ஊதியமும் உயர்ந்த காலத்தில் அத்துறை ஆண்களின் துறையாயிற்று.

நிறமும் இவ்வாறே பிரித்தது. 1943 முதல் அமெரிக்காவின் லாங்லி விமான ஆய்வுகூடத்தில், கறுப்பினப் பெண் கணிப்போர் தனிக்கட்டடத்தில் வேறாக வைக்கப்பட்டனர். அவர்களது பிரிவிலிருந்து வந்த கதரின் ஜோன்சனிடமே, 1962இல் விண்வெளியில் உலகைச் சுற்றிய ஜோன் கிளென் தம் பயணத்திற்கு முன்னர் இயந்திரத்தின் எண்களைச் சரிபார்க்கும்படி கேட்டார். 1969இல் சந்திரனுக்குச் சென்ற கலத்தின் கணினிக்கு நிலையான நினைவகம் கையால் நெய்யப்பட்டது. மசச்சூசெற்ஸ் மாநிலத்துத் தொழிற்சாலையொன்றில் பெண் தொழிலாளர் செப்புக்கம்பிகளைக் காந்த வளையங்களினூடே கோத்து அதனை ஆக்கினர். நினைவகம் என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் அக்கைகளையும் நினைவூட்டுதல் தகும்.

இறுதியாகத் தரவு. ‘டேற்றா’ என்னும் இலத்தீன் சொல்லுக்குத் ‘தரப்பட்டவை’ என்பது பொருள். தமிழ்ச் சொல்லும் தருதல் என்னும் வினையடியாகவே பிறந்தது. தருபவர் யார்? இன்று செயற்கை நுண்ணறிவெனப் போற்றப்படும் இயந்திரங்களுக்குப் படங்களைப் பிரித்தும் வாக்கியங்களைத் தரம்பார்த்தும் பயிற்றுவோர் ஏழை நாடுகளிற் பெருந்தொகையினர். அவ்வேலை செய்த கென்யத் தொழிலாளருக்கு மணிக்கு இரண்டு டொலருக்கும் குறைந்த கூலியே கிடைத்ததென்பது 2023இல் வெளியாயிற்று. 1770இல் வியன்னா அரசவையிற் காட்டப்பட்ட சதுரங்க இயந்திரமொன்று பார்ப்போரை மருட்டியது. அதன் பெட்டியினுள்ளே ஆளொருவன் மறைந்திருந்து காய்களை நகர்த்தினான். ‘இயந்திரத் துருக்கன்’ எனப்பட்ட அதன் பெயரையே 2005இல் அமேசன் நிறுவனம் தனது சிறுகூலி வேலைச் சந்தைக்குச் சூட்டியது. மறைந்திருக்கும் மனிதனை இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ள இயலுமா?

இயந்திரத்தை வெறுக்கும்படி நாம் கூறவில்லை. சலிப்பூட்டும் கணக்கிலிருந்து மனிதனை விடுவிப்பது நன்றே. ஆயின் “இனி உன் வேலையை இயந்திரம் செய்யும்” என்று நாளை நம் மாணவனிடம் கூறப்படும்போது, அவன் தலைகுனிந்து நிற்கலாகாது. அந்த இயந்திரத்தின் பெயரே ஒரு காலத்தில் ஒரு தொழிலாளியின் பெயரென்பதையும், அதனுள் தேங்கியிருப்பது தன்னைப் போன்றோரின் அறிவும் உழைப்புமென்பதையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தவனே அதில் தனக்குரிய பங்கைக் கேட்பான். அடுத்த முறை வகுப்பறையிற் கணினிக்கு வரைவிலக்கணம் எழுதுமுன், ஆசிரியர் கரும்பலகையில் இராதாநாத் சிக்தார் என்னும் பெயரை எழுதட்டும். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.