நித்திய இயக்க யந்திரம்

எரிபொருளோ புறவிசையோ இன்றித் தானே இயங்குவதாகவோ, தான் பெற்ற சக்தியினும் மிகுதியான சக்தியைத் தருவதாகவோ சொல்லப்படும் கருவி. அத்தகைய கருவி எதுவும் இதுகாறும் பரீட்சையில் தேறியதில்லை. ஆகையால் இதன் சரித்திரம் இதைக் கொண்டுவந்த மனிதரின் சரித்திரமாகவே அமைந்துவிட்டது. அம்மனிதருள் தம்மையே ஏமாற்றிக்கொண்டவரும் உண்டு. பிறரை ஏமாற்றியவரும் உண்டு.

1150-இல் பாஸ்கராச்சாரியர் தம் சித்தாந்த சிரோமணியில், உட்புழையுள்ள ஆரங்களில் பாதியளவு பாதரசத்தை இட்டு அடைத்தால் சக்கரம் தானாகவே சுழலும் என்று வருணித்தார். அது சுழலாது. ஆயினும், சக்தி ஆக்கப்படுவதுமில்லை, அழிவதுமில்லை என்னும் நியதியை மேயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் 1840-களில் நிலைநாட்டுவதற்கு ஏழு நூற்றாண்டுகள் முன்னர், ஒன்றையும் மறைக்காமல், எவரிடமும் பொருள் கேளாமல் எழுதிய அம்மேதையின் பிழையை வஞ்சகம் என்பது அநியாயம். ஜெர்மனியில் 1717-இல் பூட்டிய அறைக்குள் வாரக்கணக்கில் சுழன்று காட்டிய ஓர்ஃபிரேயஸின் சக்கரமோ உட்புறம் மூடப்பட்டே இருந்தது. அவர் பெருந்தொகை கேட்டார், அறிஞரொருவர் அதன் அச்சை ஆராய்ந்தபின் அதை உடைத்தும் போட்டார்.

தமிழ்நாட்டில், யந்திரமன்றாயினும், இவ்வகையில் பெரும் கிளர்ச்சியை விளைவித்தது, விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளையின் மூலிகைப் பெட்ரோல். இலையையும் நீரையும் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுப்பதாக 1996-இல் அவர் சொன்னபோது நாடே வியந்தது. விஞ்ஞானிகளின் நேர்ப்பார்வையில் அது நிலைக்கவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 34 மெகாஜூல் சக்தி உண்டு. உலர்ந்த தழை ஒரு கிலோவில் ஏறத்தாழ 17. துளியும் வீணாகாவிடினும் ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோ உலர்ந்த தழை வேண்டும். நீரோ எரிந்து முடிந்த பொருள், அது எதையும் தராது. இக்கணக்கை ஒருவர் காகிதத்தில் போட்டிருந்தாலே பலருடைய பணம் தப்பியிருக்கும். தொலுயீன், நாப்தா முதலியவற்றைக் கலந்து மூலிகை எரிபொருள் என விற்றதாக மத்தியப் புலனாய்வுத் துறை தொடுத்த வழக்கில், 2016 அக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் விதித்தது.

சட்டம் மோசடிக்கு வஞ்சக எண்ணத்தைத் தேடுகிறது. எண்ணம் கண்ணுக்குத் தெரியாதாகையால் நடத்தையைத்தான் நோக்கவேண்டும். சீரற்ற அலையுடைய மின்னோட்டத்தைச் சாதாரண மீட்டர் பிழையாகக் காட்டுவதாலும், மின்னிறக்கிய பேட்டரி சற்று ஓய்ந்தபின் மின்னழுத்தம் ஏறிக் காட்டுவதாலும், நேர்மையான மெக்கானிக்கும் மயங்கலாம். அளவுக் கருவியைப் பிறர் கையில் கொடுத்துப் பிழையைத் தேடச் சொல்பவன் மயங்கியவன். பிழை தெரிந்தபின்னும் முன்பணம் வாங்குபவன், தொடக்கத்தில் எத்துணை நேர்மையாளனாயிருந்தாலும், வஞ்சகனே.

அரியலூர்ச் சிமென்ட் ஆலைகளின் சூளை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுண்ணாம்புக்கல்லைச் சுடுவதற்கு நிலக்கரியை இடைவிடாது உண்கிறது. இலவசச் சக்தி எங்கேனும் இருந்திருப்பின் முதலில் வாங்கியிருப்போர் அவ்வாலையினரே. பெரம்பலூரில் சின்ன வெங்காயத்துக்கு நீர் இறைக்கும் உழவர்கள், டீசலும் மின்சாரமும் வேண்டாத பம்புசெட் என்று எவரேனும் கொண்டுவந்தால், வெளிக் கம்பியையும் பேட்டரியையும் அகற்றச் செய்து, தம் கிணற்றிலேயே சில நாள் ஓடவிட்டுப் பார்க்குமுன் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டா.