வெங்காயத்துக்கு ஒரு சட்டம்

விளைந்த பொருளைக் கண்ணெதிரே வைத்து விலை பேசுதல் பழைய வாணிக முறை. விளையப்போகும் பொருளுக்கு இன்றே விலை பேசி, குறித்த மாதத்தில் கொடுப்பதாகவும் கொள்வதாகவும் உடன்படுதல் முன்பேர வாணிகம் எனப்படும். அறுவடையில் விலை சரியுமோ என்று அஞ்சும் உழவருக்கும், பின்னர் விலை ஏறுமோ என்று அஞ்சும் ஆலைக்காரருக்கும் இஃது ஒரு காப்பாகும். ஆயினும், விலையின் ஏற்றத்தாழ்வை மட்டுமே நம்பிப் பணம் போடுவோரும் இச்சந்தையில் நுழைவர். அவர்களுள் பெருமுதல் படைத்த சிலர் கூடிக்கொண்டால், விலை அவர்கள் கைப்பாவையாகிவிடும். இதனைத் தடுப்பது எங்ஙனம் என்னும் வினாவே அமெரிக்க நாட்டின் முன்பேரச் சட்டங்களைப் பிறப்பித்தது.

1848-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்துத் தானிய வணிகர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். தானிய முன்பேர வாணிகம் அங்கேதான் தழைத்தது. அதனைக் கட்டுப்படுத்த 1921-இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம், வரி விதிக்கும் அதிகாரத்தைத் துணைக்கொண்டது. அது செல்லாதென்று உச்சநீதிமன்றம் 1922-இல் தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்கிடையே நிகழும் வாணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தைக் கொண்டு, அவ்வாண்டிலேயே தானிய முன்பேரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, பெரும் அளவில் வாங்கி விற்போர் தம் கைவசமுள்ள ஒப்பந்தங்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவராயினர். 1936-ஆம் ஆண்டுச் சட்டம் பருத்தி, அரிசி, முட்டை, உருளைக்கிழங்கு முதலியவற்றையும் இக்கண்காணிப்பின்கீழ்க் கொணர்ந்தது. வெங்காயம் அப்பட்டியலில் சேர்ந்தது 1955-இல்தான்.

அதே ஆண்டின் பிற்பகுதியில், வின்சென்ட் கொசுகா, சாம் சீகல் என்னும் வணிகர் இருவர் சிக்காகோவில் வெங்காயத்தை வாங்கிக் குவிக்கலாயினர். ஏறத்தாழ 3 கோடி ராத்தல் வெங்காயம் அந்நகரக் கிடங்குகளில் சேர்ந்தது. தம் சரக்கில் ஒரு பகுதியை உழவர்கள் விலைகொடுத்து வாங்கிக்கொண்டால், எஞ்சியதைச் சந்தையில் கொட்டி விலையைக் கெடுக்கமாட்டோம் என்று அவர்கள் உடன்பாடு செய்தனர். பின்னரோ, விலை வீழ்ந்தால் தமக்கு ஆதாயம் வருமாறு முன்பேரத்தில் விற்பவராக மாறினர். கிடங்கில் கெடத் தொடங்கிய வெங்காயத்தை வெளியூருக்கு அனுப்பித் துப்புரவாக்கி, மறுமூட்டை கட்டிச் சிக்காகோவுக்கே திரும்ப வரவழைத்தனர். வந்திறங்குவது புதுச்சரக்கே என்று பிறர் மயங்கினர். 1955 ஆகஸ்டில் 2.75 டாலர் விற்ற 50 ராத்தல் மூட்டை, 1956 மார்ச்சில் 10 சென்டுக்கு வந்தது. உள்ளிருந்த வெங்காயத்தைவிட வெறுஞ்சாக்கே விலை மிகுந்ததாயிற்று. ஓராண்டு உழைப்பைப் பறிகொடுத்த உழவர்கள் காங்கிரசிடம் முறையிட்டனர்.

மிச்சிகன் மாநிலப் பிரதிநிதி ஜெரால்டு போர்டு அவர்களுக்காக வாதாடினார். பின்னாளில் குடியரசுத் தலைவரானவர் இவரே. 1958 ஆகஸ்டு 28-இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட சட்டம், வெங்காய முன்பேர வாணிகத்தை அடியோடு தடைசெய்தது. சந்தை நடத்தியோர் வழக்காடியும் வெல்லவில்லை.

தடையால் உழவர் நன்மை பெற்றனரா? முன்பேரம் நிகழ்ந்த காலத்தில் வெங்காய விலையின் பருவகால ஏற்றத்தாழ்வு குறைந்திருந்தது என்று 1963-இல் ரோஜர் கிரே என்னும் பொருளியலறிஞர் எழுதினார். வேளாண்மைத் துறை 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றும் காணவில்லை. சந்தையை மூடியதால் விலை நிலைபெற்றது என்று கூற இவ்விரண்டிலும் சான்றில்லை.

ஏனைய பொருள்களுக்கு அரசு வேறு வழியில் சென்றது. பெருவணிகர் கைவசமுள்ள ஒப்பந்தங்களின் மொத்தத்தைப் பெயர் கூறாமல் வகைப்படுத்தி, 1962 முதல் மாதந்தோறும், 2000 முதல் வாரந்தோறும் வெளியிடலாயிற்று. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இப்பணிக்குத் தனி ஆணையம் தோன்றியது. சந்தைக்கு வெளியே தனித்தனியே செய்துகொண்ட ஒப்பந்தங்கள் பல 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கண்காணிப்பினின்று விலக்குப் பெற்றன. 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பின், 2010-இல் இயற்றிய சட்டம் அவற்றையும் கணக்குக் காட்டச் செய்தது.

அச்சட்டம் திரைப்பட வசூலின்மேல் முன்பேரம் செய்வதையும் தடைசெய்து, வெங்காயத்துக்கு ஒரு துணை தேடித் தந்தது. 1955-இல் உழவரைக் கெடுத்தது முன்பேரம் என்னும் முறை மட்டுமன்று. கிடங்கிலிருந்த சரக்கு யாருடையது, விலை வீழ்ந்தால் ஆதாயம் யாருக்கு என்பவற்றை அவர்கள் அறியாதிருந்ததே பெருங்கேடு. அவ்வறியாமையைப் போக்காத சட்டம், எத்துணைக் கடுமையாயினும், உழவருக்கு அரைக்காப்பே ஆகும்.