போர்ட்ரான் தொகுப்பான்

இலத்திரன் கணிபொறியின் தொடக்கக் காலத்தில் அதன் விலையைக் கேட்டு வியந்தோர் பலர். அதற்குக் கட்டளை எழுதுவோர்க்கு ஆகும் செலவும் அவ்விலைக்குக் குறையாதது என்பதை உணர்ந்தோர் சிலர். எண்ணை எடுத்தல், கூட்டல், மீண்டும் வைத்தல் என ஒவ்வோர் அசைவையும் பொறியின் மொழியிலேயே எழுதவேண்டியிருந்தது. கணிபொறி இயங்கிய நேரத்திலும் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை பிழை தேடுவதிலேயே கழிந்தது.

1953ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய ஜோன் பக்கஸ் என்பார் இதற்கொரு வழி கூறினார். கணிதக் குறியீட்டை ஒத்த வாக்கியங்களை மனிதர் எழுதுக. அவற்றைப் பொறிக்கட்டளைகளாக மாற்றும் வேலையைப் பொறியே செய்க என்பதே அவ்வழி. அம்மொழி போர்ட்ரான் எனப்பட்டது; அதனை மாற்றித் தரும் செய்நிரல் தொகுப்பான் எனப்பட்டது. ஐ.பி.எம். 704 என்னும் கணிபொறிக்கென அஃது ஆக்கப்பட்டது.

இம்முயற்சியை ஐயுற்றோரே மிகுதி. அவ்வையத்துக்குக் காரணமும் இருந்தது. முன்னர் வந்த தானியங்கு முறைகள் கணிப்பைப் பெரிதும் தாமதப்படுத்தின. ஆயினும், தசமப்புள்ளி இடம்பெயரும் எண்களைக் கையாளும் உறுப்பு அக்காலப் பொறிகளில் இல்லை. அவ்வேலை கட்டளைகளால் மெல்ல நடந்தமையால், அம்முறைகளின் தாமதம் அதனுள் மறைந்து நின்றது. 704 அவ்வுறுப்பைத் தன்னகத்தே கொண்டிருந்தது. எனவே மறைவு நீங்கிற்று. தேர்ந்த ஒருவர் கையால் எழுதியதற்கு நிகராக ஓடாத செய்நிரலை இனி எவரும் ஏற்கார் என்பதைப் பக்கஸ் உணர்ந்தார்.

ஆதலின் மொழியின் அழகைவிட மொழிபெயர்ப்பின் திறனிலேயே அவர் குழு கருத்தூன்றியது. 704இல் இருந்த சுட்டுப் பதிவகங்கள் மூன்றே. செய்நிரலின் எப்பகுதி அடிக்கடி நிகழும் எனத் தொகுப்பான் முன்கூட்டிக் கணித்து, அப்பகுதிக்கு அவற்றைச் சிக்கனமாகப் பங்கிட்டது. ஆறு மாதத்தில் முடியும் என எண்ணிய வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேதான் தொகுப்பான் பயன்படுத்துவோரைச் சென்றடைந்தது.

அதே ஆண்டில் வெளியான அறிக்கையொன்று அதன் பயனைக் காட்டுகிறது. ஒரு நாள் மட்டும் போர்ட்ரான் பயின்று, மேலும் சிறிது நேரம் கைநூலைப் புரட்டிய ஒருவர், 47 வாக்கியங்களை நான்கு மணி நேரத்தில் எழுதினார். தொகுப்பான் ஆறு நிமிடத்தில் அவற்றை ஏறத்தாழ 1000 கட்டளைகளாக்கியது. முதல் விடை தவறாயிருந்தது. தாம் எழுதிய வாக்கியமொன்றிலேயே பிழையைக் கண்டு திருத்தினார். இரண்டாம் முறை விடை சரியாயிற்று. அதனைக் கையால் எழுதியிருப்பின் மூன்று நாள் சென்றிருக்கும் என்றும், அதனால் வேகம் குறிப்பிடத்தக்க அளவு கூடியிராது என்றும் அவர் மதிப்பிட்டார். ஐயத்துக்கு விடை அதுவே.

704 வழக்கொழிந்தது, அதற்கென ஆக்கப்பட்ட தொகுப்பானும் உடன் மறைந்தது. ஆனால் மொழி ஒரு பொறியோடு கட்டுண்டு கிடக்கவில்லை. 1966இல் அமெரிக்காவில் அதற்கு நியமம் வகுக்கப்பட்டது; வானிலைக் கணிப்பில் இன்றும் அது பயன்படுகிறது. 1977இல் பக்கஸுக்குத் தூரிங் விருது கிடைத்தது. கணிதம் அறிந்தவன் பொறியின் அந்தரங்கம் அறியாமலே அதனை ஏவலாம் என்னும் உரிமையை ஈட்டித் தந்தது, இன்று வழக்கில் இல்லாத அத்தொகுப்பானே.