குறைந்தபட்ச ஊதியம்: இந்தியாவில் வட்டாரவாரி நிர்ணயமும் உயர்வும்

குறைந்தபட்ச ஊதியம் என்பது, ஒரு தொழிலாளிக்கு அதற்குக் கீழே கூலி கொடுக்கக் கூடாது என்று அரசு சட்டப்படி அறிவிக்கும் தொகை. இந்தியாவில் இது நாடு முழுவதற்கும் ஒரே தொகையாக இருந்ததில்லை. மாநிலம், தொழில், வேலையின் திறன், ஊரின் வகை ஆகிய நான்கையும் பொறுத்து மாறும். தொகை உயர்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. அடிப்படை ஊதியத்தையே திருத்தி எழுதுவது ஒன்று. விலைவாசிக்கு ஏற்பப் பஞ்சப்படி எனப்படும் அகவிலைப்படியைக் கூட்டுவது மற்றொன்று. முதலாவது ஆண்டுக்கணக்கில் தாமதப்படும். இரண்டாவது காலம் தவறாமல் நடப்பது. இந்திய ஊதிய உயர்வின் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையிலான வேகவேறுபாட்டின் வரலாறு.

தோற்றம்

ஊதியத்துக்குச் சட்டத்தால் தரை போடும் வழக்கம் 1894இல் நியூசிலாந்திலும், 1896இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் தொடங்கியது. பிரிட்டன் 1909இல் தொழில் வாரியங்களை அமைத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1928இல் ஊதிய நிர்ணய முறை பற்றிய 26ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது.

தமிழர் வாழ்வில் வட்டாரவாரிக் குறைந்தபட்சக் கூலி முதலில் தலைகாட்டிய இடங்களுள் ஒன்று இலங்கையின் மலைத்தோட்டங்கள். தென்னிந்தியாவிலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளருக்காக 1927இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1929இல் கூலி நடைமுறைக்கு வந்தது. ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு மலைநாட்டில் 54 சதம், இடைநாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதம். தோட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே கூலியைத் தீர்மானித்தது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் விகிதம் இதைவிடக் குறைவு.

இந்தியாவில் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் தன் 1931ஆம் ஆண்டு அறிக்கையில் ஊதிய நிர்ணயத்தை ஆராய்ந்தது. 1940களில் முத்தரப்புத் தொழிலாளர் மாநாடுகளில் விவாதம் தொடர்ந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அம்பேத்கர், 1946 ஏப்ரலில் மத்திய சட்டப்பேரவையில் மசோதாவைக் கொண்டுவந்தார். விடுதலைக்குப் பின் நிறைவேறிய குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1948 மார்ச் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் ஜகஜீவன் ராம்.

1948ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டம் எல்லாத் தொழிலாளரையும் தழுவவில்லை. அட்டவணையில் பெயர் இருக்கும் தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது. தொடக்க அட்டவணையின் முதல் பகுதியில் அரிசி மற்றும் மாவு ஆலைகள், பீடி உள்ளிட்ட புகையிலைத் தொழில், தோட்டங்கள், எண்ணெய் ஆலைகள், கட்டடம் மற்றும் சாலைப் பணி, கல் உடைத்தல், தோல் பதனிடுதல் முதலியவை இருந்தன. விவசாயம் தனியாக இரண்டாம் பகுதியில் நின்றது. சங்கம் வைத்துப் பேரம் பேச வழியில்லாத இடங்களையே சட்டம் குறிவைத்தது. அட்டவணையில் புதிய தொழில்களைச் சேர்க்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு இருந்ததால் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு நீண்டது.

சட்டத்தின் 3ஆம் பிரிவு வட்டாரவாரி ஊதியத்தின் வேர். வெவ்வேறு தொழிலுக்கும், ஒரே தொழிலில் வெவ்வேறு வேலைக்கும், வெவ்வேறு வட்டாரத்துக்கும் வெவ்வேறு விகிதம் வைக்கலாம் என்று அது கூறியது. விகிதங்களை 5 ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு விதித்தது.

நிர்ணயிக்கும் முறை

ஊதியத்தை நிர்ணயிக்கவோ திருத்தவோ சட்டத்தில் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, குழு அமைப்பது. அதில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் தரப்புச் சாராதவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரே தலைவர். இன்னொன்று, உத்தேச விகிதங்களை அரசிதழில் வெளியிட்டு, குறைந்தது 2 மாதம் அவகாசம் தந்து கருத்துகளையும் ஆட்சேபணைகளையும் கேட்பது. இந்த இரண்டாம் பாதையில் விகிதத்தைத் திருத்தும்போது, இறுதி ஆணைக்கு முன் ஆலோசனை வாரியத்தைக் கலந்தாக வேண்டும். ஆணையில் வேறு தேதி குறிப்பிடாவிட்டால், வெளியாகி 3 மாதம் முடிந்ததும் விகிதம் நடைமுறைக்கு வரும்.

தாமதம் பெரும்பாலும் இங்கேதான் புகுந்தது. 5 ஆண்டுக்குள் திருத்தவில்லை என்றால் பழைய விகிதமே தொடரும் என்று சட்டம் சொன்னதால், காலக்கெடுவைத் தவறவிட்ட அரசுக்கு எந்த இழப்பும் இல்லை. ஆணை வந்த பிறகும் வழக்குகள் வந்தன. தமிழ்நாட்டில் ஆயத்த ஆடை மற்றும் தையல் தொழிலுக்கு 2014இல் உயர்த்தப்பட்ட விகிதத்தை உற்பத்தியாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தனர். 2016இல்தான் அந்த உயர்வு உறுதியானது.

வட்டாரப் பிரிவு

மத்திய அரசின் பொறுப்பில் வரும் வேலைகளுக்கு ஊர்கள் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டன. பெருநகரங்கள் ஏ, சிற்றூர்கள் சி. 2017 ஜனவரியில் கட்டுமானப் பணியில் திறன் தேவைப்படாத வேலைக்கு நாள் ஊதியம் ஏ பகுதியில் 523 ரூபாய், பி பகுதியில் 437, சி பகுதியில் 350 என்று அறிவிக்கப்பட்டது. ஒரே சித்தாள் வேலை. ஊரின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் 173 ரூபாய் வித்தியாசம். தமிழ்நாட்டின் பல ஆணைகளிலும் மாநகராட்சி, நகராட்சி, மற்ற பகுதிகள் என்ற அடிப்படையில் மண்டலப் பிரிவு காணப்படுகிறது.

இப்படிப் பிரிப்பது சமத்துவத்துக்கு முரணா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அன்றைய மைசூர் மாநிலத்தில் உணவு விடுதிகளுக்கு மண்டலவாரியாக ஊதியம் நிர்ணயித்ததை எதிர்த்த சந்திர பவன் வழக்கில் 1969இல் தீர்ப்பு வந்தது. வாழ்க்கைச் செலவு இடத்துக்கு இடம் மாறும்போது ஊதியமும் மாறலாம் என்று நீதிமன்றம் ஏற்றது.

அளவுகோல்

எவ்வளவு கொடுத்தால் குறைந்தபட்சம்? 1948ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு விடை சொல்லவில்லை. நியாய ஊதியக் குழு, 1949இல் தந்த அறிக்கையில், ஊதியத்தைக் குறைந்தபட்ச ஊதியம், நியாய ஊதியம், வாழ்க்கை ஊதியம் என்று மூன்று படிகளாக வகுத்தது. கணக்குப் போடும் வாய்பாட்டைத் தந்தது 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு.

அந்த வாய்பாட்டின்படி, உழைப்பவர், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள் கொண்ட குடும்பம் மூன்று நுகர்வு அலகுகளாகும். ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, குழந்தைக்குத் தலா 0.6. ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. ஆளுக்கு ஆண்டுக்கு 18 கெஜம் வீதம் குடும்பத்துக்கு 72 கெஜம் துணி. அரசின் தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தில் வசூலிக்கும் குறைந்தபட்ச வாடகை. அடுப்பெரிக்க, விளக்கேற்ற, பிற சில்லறைச் செலவுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு. இதில் உணவளவு, நீலகிரியின் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பணியாற்றிய வாலஸ் அய்க்ராய்டின் பரிந்துரையிலிருந்து எடுக்கப்பட்டது.

இந்தக் கணக்கில் பள்ளிக் கட்டணமோ மருந்துச் செலவோ இல்லை. அந்தக் குறையை நிரப்பியது சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் பஞ்சப்படித் தகராறு. ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர் வழக்கில் 1991இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குழந்தைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும் என்றது.

பஞ்சப்படி

மாநிலத் தொழிலாளர் அமைச்சர்கள் 1988இல் கூடிய மாநாடு, ஊதியத்தை விலைவாசியோடு இணைக்கும் மாறும் அகவிலைப்படியைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு 1991இல் இதை நடைமுறைப்படுத்தியது. தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு ஏப்ரல் 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு இருமுறை படி திருத்தப்படுகிறது. மேலே சொன்ன 523 ரூபாய் அடிப்படை மாறாமலே, 2024 அக்டோபரில் படியும் சேர்ந்து 783 ரூபாய் ஆனது. கூடிய 260 ரூபாயும் பஞ்சப்படியே.

தமிழ்நாட்டில் படி ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 1 அன்று மாறுகிறது. முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையான சென்னை நகரக் குறியீட்டெண்ணின் சராசரியை எடுப்பார்கள். அரசாணையில் குறித்த எண்ணைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. ஓர் ஆணை புள்ளிக்கு 20 ரூபாய் என்று சொல்வதாக வைத்துக்கொண்டால், சராசரி 6 புள்ளி ஏறிய ஆண்டில் மாத ஊதியம் 120 ரூபாய் கூடும். கோவை, மதுரை, சேலம், குன்னூர் போன்ற ஊர்களுக்கும் தனிக் குறியீட்டெண் வெளியாகிறது. ஆனாலும் அங்குள்ள தொழிலாளியின் படியை நிர்ணயிப்பது சென்னைக் கடைத்தெரு விலைதான். அடிப்படை ஊதியம் வட்டாரம் பார்த்து வைக்கப்படுகிறது; அதன் மேல் ஏறும் படி வட்டாரம் பார்ப்பதில்லை.

நீதிமன்றங்களின் பங்கு

முதலாளிகள் வழக்கமாக வைத்த வாதம், தொழில் தாங்காது என்பது. 1954இல் பிஜய் காட்டன் மில்ஸ் வழக்கிலும், கேரள ஓட்டுத் தொழில் தொடர்பான 1961ஆம் ஆண்டு உண்ணிச்சோயி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது முதலாளியின் கொடுக்கும் சக்தியைப் பார்க்க வேண்டியதில்லை என்பது சட்டமானது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி ஒரு படி மேலே போனார். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது, அரசமைப்பின் 23ஆம் கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றார்.

வட்டார வேறுபாட்டின் விளைவு

ஒரு மாநிலத்தில் தொழிலாளர் சட்டம் இறுகினால் தொழில் பக்கத்து மாநிலத்துக்கு நகரும் என்ற அச்சத்துக்குப் பீடித் தொழில் சான்று. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை 1968இல் கேரளம் செயல்படுத்த முனைந்தபோது, மங்களூரைச் சேர்ந்த பெரிய முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் கடையை மூடினர். சுமார் 12,000 பேர் வேலை இழந்தனர். அதற்கு மறுமொழியாக 1969இல் பிறந்ததே கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவு.

பீடியில் கூலி நாள் கணக்கில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. சட்டமும் இத்தகைய துண்டுக் கூலிக்குக் குறைந்தபட்சம் நிர்ணயிக்க இடம் தருகிறது. ஆனால் தாளில் உள்ள விகிதம் கைக்கு வரும் கூலியாகிவிடாது. நெல்லைச் சீமையில் வீட்டில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றும் பெண்ணுக்கு, நிறுத்துக் கொடுத்த இலையில் ஓட்டையும் காய்ந்ததும் கலந்திருந்தால் ஆயிரம் தேறாது. குறைந்ததற்குத் தன் காசில் இலை வாங்க வேண்டும். கொடுத்த பீடியில் கழிவு என்று ஒதுக்கப்படுவதற்குக் கூலி கிடையாது. அரசாணை ஏற்றிய ரூபாய் இந்த இரண்டு வழிகளில் இறங்கிவிடக்கூடும்.

விவசாயக் கூலியில் வட்டாரப் பிரச்சினை இரத்தக்களரியானதும் உண்டு. கூலிப் போராட்டப் பின்னணியில் 1968 டிசம்பர் 25 அன்று தஞ்சை வட்டாரத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் அவ்வட்டாரத்துக்காகக் கொண்டுவரப்பட்டது.

தேசியத் தரை ஊதியம்

மாநிலங்களுக்கிடையே இடைவெளி பெருகியதால், தேசிய ஊரகத் தொழிலாளர் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து 1996இல் நாள் ஒன்றுக்கு 35 ரூபாய் என்று தேசியத் தரை ஊதியம் அறிவிக்கப்பட்டது. 2017இல் அது 176 ரூபாய், 2019இல் 178. அப்போது இதற்குச் சட்ட வலு இருக்கவில்லை. மாநிலங்களுக்கு ஓர் ஆலோசனையாக மட்டுமே இருந்தது. அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு 2019இல் தந்த அறிக்கையில், நாட்டுக்கு 375 ரூபாய் என்ற ஒரே தொகையையும், மாற்றாக மாநிலங்களை ஐந்து வட்டாரமாகப் பகுத்து 342 முதல் 447 ரூபாய் வரையான தொகைகளையும் முன்வைத்தது. தமிழ்நாடு இடம்பெற்ற வட்டாரத்துக்கு 414 ரூபாய். குடும்பத்தின் நுகர்வு அலகையும் 3இலிருந்து 3.6ஆக உயர்த்தச் சொன்னது.

ஊதியத் தொகுப்புச் சட்டம், 2019

1948ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட நான்கு சட்டங்களை ஒன்றாக்கிய ஊதியத் தொகுப்புச் சட்டம் 2019 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது; 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அட்டவணை முறை ஒழிந்து, எல்லா வேலைகளுக்கும் குறைந்தபட்ச ஊதியம் பொருந்துகிறது. மத்திய அரசு அறிவிக்கும் தரை ஊதியத்துக்குச் சட்ட வலு கிடைத்தது. எந்த மாநிலமும் அதற்குக் கீழே விகிதம் வைக்க முடியாது. வட்டாரத்துக்கு ஏற்பத் தரை ஊதியமே வேறுபடலாம். மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு வரைவு விதிகள், 40 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட பெருநகரம், 10 லட்சம் முதல் 40 லட்சம் வரையுள்ள நகரம், ஊரகம் என்று மூன்று பிரிவை முன்மொழிந்தன. 5 ஆண்டு மறுபரிசீலனை அப்படியே நீடிக்கிறது.

தண்டனையும் மாறியது. பழைய சட்டத்தில் குறைத்துக் கொடுத்த முதலாளிக்கு அபராதத்தின் உச்சம் 500 ரூபாய். 6 மாதம் வரை சிறைக்கும் இடமிருந்தது. புதிய சட்டத்தில் முதல் முறைக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். 5 ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைவுத் தொகை கேட்டு மனுச் செய்யும் அவகாசம் 6 மாதத்திலிருந்து 3 ஆண்டாக நீண்டுள்ளது. குறைவுத் தொகையோடு அதன் 10 மடங்கு வரை இழப்பீடும் வழங்க முடியும்.

பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் மாறாத விதி ஒன்று உண்டு. குறைந்த கூலிக்குச் சம்மதம் என்று தொழிலாளியே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது.