உமியிலிருந்து நானோ சிலிக்கா

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால், உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். நன்கு எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. இதை 100 நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்களாகப் பிரித்தெடுத்தால் கிடைப்பது உமி நானோ சிலிக்கா.

மணலும் சிலிக்காதான், ஆனால் அது படிகம். நெற்பயிரோ மண்ணீரில் கரைந்த சிலிசிக் அமிலத்தை வேரால் உறிஞ்சி, படிகமற்ற நுண்துகள்களாக உமியில் சேர்த்துவைக்கிறது. உமிக்கரியால் பல் துலக்கியவர்கள் அறிந்த சொரசொரப்புக்கு இதுவும் காரணம்.

இந்தச் சிலிக்காவை அறிவியல் உலகம் படிப்படியாகவே பயன்படுத்திக்கொண்டது. உமியிலிருந்து சிலிக்கன் கார்பைடு தயாரிக்கும் முறைக்கு அமெரிக்காவின் ஐவன் கட்லர் 1973-இல் காப்புரிமை பெற்றார். அதே பத்தாண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி.கே. மேத்தா, பக்குவமாக எரித்த உமிச் சாம்பல் சிமென்ட்டுக்கு வலுவூட்டும் எனக் காட்டினார். 2009-இல் டாடா நிறுவனம், உமிச் சாம்பலில் வெள்ளி நானோ துகள்களைச் சேர்த்து, மின்சாரம் தேவைப்படாத 'ஸ்வச்' குடிநீர் வடிகட்டியை 1,000 ரூபாய்க்குக் குறைந்த விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013-இல் ஸ்டான்ஃபோர்டின் யீ குய் குழுவினர் உமிச் சிலிக்காவை மக்னீசியத்தால் வேதிக்குறைப்புச் செய்து, லித்தியம் பேட்டரிக்கான நானோ சிலிக்கனாக்கினர். அடுத்த ஆண்டு குட்இயர் நிறுவனம் உமிச் சாம்பல் சிலிக்காவை டயரில் சேர்க்கப்போவதாக அறிவித்தது.

தயாரிப்பின் சூட்சுமம் சூட்டில் இருக்கிறது.

உமியை முதலில் அமிலத்தில் கழுவிப் பொட்டாசியத்தை நீக்குவார்கள். இல்லையேல் அது உருகிக் கரியைச் சிறைப்பிடித்து, சாம்பலைக் கறுப்பாக்கிவிடும். பிறகு 600 முதல் 700 டிகிரி செல்சியஸில் எரிப்பார்கள். வெப்பம் 800-ஐத் தாண்டினால் சிலிக்கா படிகமாகத் தொடங்கும். அந்தப் படிகத் தூளைத் தொடர்ந்து சுவாசிப்போருக்குச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரலாம். இன்னொரு வழியில், சாம்பலைக் காரத்தில் கரைத்து, அமிலம் விட்டு நுண்துகள்களாக வீழ்படியச் செய்வார்கள். மணலிலிருந்து சோடியம் சிலிகேட் செய்ய 1,000 டிகிரிக்கு மேற்பட்ட உலை வேண்டும். சாம்பலோ 100 டிகிரி அளவிலேயே காரத்தில் கரைகிறது.

உமியில் தொடங்கினால் மட்டும் இது பசுமை முறை ஆகிவிடாது. அமிலக் கழிவுநீரை அப்படியே வெளியேற்றினால் மிச்சப்படுத்திய எரிபொருளின் பயன் வீணாகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முறை இதற்கு ஒரு தீர்வு: அமிலத்துக்குப் பதில் கரியமில வாயுவைச் செலுத்திச் சிலிக்காவைப் பிரித்து, காரத்தைச் சுண்ணாம்பு கொண்டு மீட்டு மறுபடியும் பயன்படுத்துகிறார்கள்.