கிடுகுக் கொட்டில்களும் கட்டலினாக்களும்: இலங்கையின் போர்க்கால விமானத் தளங்கள்

இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதுகின்ற நம்மவர்களில் பெரும்பாலானோர் இலங்கையை ஒரே பந்தியில் கடந்து சென்றுவிடுகிறார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசினார்கள் என்ற அளவோடு விடயம் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஏப்ரல் மாதத்திற்கும் 1945 ஆகஸ்ட் மாதத்திற்கும் இடையில் இச்சிறு தீவு ஒரு மாபெரும் விமானத் தளமாகவே இயங்கியது. இரத்மலானை, சீனக்குடா, கொக்கல, புத்தளம், மின்னேரியா, சிகிரியா, வவுனியா, நீர்கொழும்பு, காங்கேசன்துறை எனத் தென்னந்தோட்டங்களும் காடுகளும் தோட்டக் காணிகளும் ஓடுபாதைகளாக மாறின. இன்று நாம் பயன்படுத்தும் விமான நிலையங்களுட் பல அக்காலத்தில் வெட்டப்பட்டவையே.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது இலங்கையின் வான் பாதுகாப்பு மிகவும் பலவீனமான நிலையில் இருந்தது. சீனக்குடாவில் 1939இல் அமைக்கப்பட்ட 273ஆவது ஸ்குவாட்ரன், வில்டபீஸ்ற், சீல் என்னும் பழைய இரட்டை இறக்கை விமானங்களையே கொண்டிருந்தது. மார்ச் மாத முற்பகுதியிலேயே, இன்டொமிற்றபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து ஹரிக்கேன் போர் விமானங்கள் இரத்மலானைக்கும் சீனக்குடாவுக்கும் வந்து சேர்ந்தன. இருக்கும் தளங்கள் போதாதென்று கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலும் ஓர் ஓடுபாதை அமைக்கப்பட்டது. சீமான்கள் பந்தயம் கட்டிய புல்வெளியில், சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் போரிட்டுத் தப்பி வந்த விமானிகள் சிலரையும் சேர்த்துக்கொண்டு 258ஆவது ஸ்குவாட்ரன் நிலைகொண்டது. இந்தத் தளம் இருப்பதை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை.

கொக்கல ஏரியில் கடல் விமானங்கள் இறங்கின. கட்டலினா என்ற அந்த விமானம் விரைவில் குறைந்தது. வானில் நெடுநேரம் தங்கியிருப்பதே அதன் பலம். கனடாவின் 413ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சோல் கொக்கலவுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. 1942 ஏப்ரல் 4ஆந் திகதி மாலை, இலங்கைக்குத் தென்கிழக்கே நெடுந்தொலைவில் சுற்றுக்காவல் முடியும் தறுவாயில், அட்மிரல் நகுமோவின் கப்பற் படையை அவர் கண்டார். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், அவற்றுக்குக் காவலாகப் போர்க்கப்பல்கள். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோ விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் மடிந்தனர். எஞ்சிய அறுவரும் போர் முடியும்வரை கைதிகளாக இருந்தனர். ‘இலங்கையின் இரட்சகர்’ என்று பின்னாளில் பேர்ச்சோல் புகழப்பட்டார். அவர் அதற்குத் தகுதியானவரே. ஆனால் அதே ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ரே தோமஸ் என்ற விமானி ஐந்து நாள்களின் பின்னர் அதே கப்பற் படையைக் கண்டு அறிவித்து, தன் குழுவினர் அனைவருடனும் கடலில் மாண்டுபோனார். அவரை நினைவுகூர்பவர் மிகச் சிலரே. வரலாறு உயிர் தப்பியவர்களிடம் சற்றுக் கூடுதலான பரிவு காட்டுகிறது.

முன்னறிவிப்புக் கிடைத்தும் மறுநாட் காலையில் நிகழ்ந்ததை என்னால் இன்றுவரை எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேலே வந்த பின்னரே இரத்மலானையில் ஹரிக்கேன்கள் அவசர அவசரமாக ஓடுபாதைக்கு வந்தன. ராடர் நிலையம் இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. பந்தயத் திடலில் இருந்து 14 ஹரிக்கேன்கள் எழுந்தன, ஒன்பது வீழ்த்தப்பட்டன, ஐந்து விமானிகள் இறந்தனர். இதைவிடக் கொடுமை, சீனக்குடாவில் இருந்து டோர்ப்பிடோக்களுடன் இரத்மலானைக்குப் பறந்துகொண்டிருந்த ஆறு சுவோர்ட்பிஷ் விமானங்களின் கதி. துணியால் போர்த்தப்பட்ட அந்த இரட்டை இறக்கை விமானங்கள் சீரோக்களின் நடுவே அகப்பட்டு ஆறுமே வீழ்ந்தன. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. அடுத்த நாள்களில் கொழும்பு மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர்.

ஏப்ரல் 9இல் திருகோணமலையின் முறை வந்தது. அங்கே ராடர் கண்டுகொண்டது. சீனக்குடாவின் 261ஆவது ஸ்குவாட்ரன் உரிய நேரத்தில் மேலெழுந்தது. ஆயினும் தளமும் துறைமுகமும் கடுமையாகத் தாக்கப்பட்டன. எண்ணெய்க் குதம் ஒன்றின் மீது ஜப்பானிய விமானி ஒருவர் தம் விமானத்தையே மோதினார் என்ற கதையைத் திருகோணமலைக்குச் செல்லும் எவரும் கேளாமல் திரும்ப முடியாது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மெஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை; அதற்குரியவை கரையில் விடப்பட்டிருந்தன. உதவிக்கென இரத்மலானையில் இருந்து புறப்பட்ட புல்மார்கள் சென்று சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முந்நூறுக்கு மேற்பட்டோர் கடலோடு போயினர்.

அன்று காலை பந்தயத் திடலில் இருந்து புறப்பட்ட 11ஆவது ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்பது நகுமோவின் கப்பல்களை எட்டின. அக்காகி என்ற கப்பலை அண்டி அவற்றின் குண்டுகள் விழுந்தன, எதுவும் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. இருப்பினும், பேர்ள் துறைமுகம் தொட்டு எவராலும் நெருங்க முடியாதிருந்த அந்தக் கப்பல்கள் மீது முதன்முதலாகக் குண்டு வீசியவர்கள் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் இருந்து சென்றவர்களே.

அதன் பின்னர் ஜப்பானியக் கப்பற் படை திரும்பி வரவில்லை. தளங்களோ பெருகின. கிடுகு வேய்ந்த கொட்டில்களில் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் குடியேறினர். வவுனியா, மின்னேரியாப் பக்கங்களில் அவர்களின் அன்றாடப் பகைவன் ஜப்பானியன் அல்லன், நுளம்பு. மலேரியாவைத் தடுக்க விழுங்கிய மெப்பக்கிரின் மாத்திரை உடலை மஞ்சளாக்கியது. வவுனியாவில் போபர்ட், போபைற்றர் விமானங்கள் காத்திருந்தன. சீனக்குடாவில் ஒல்லாந்தரின் 321ஆவது ஸ்குவாட்ரன் கட்டலினாக்களோடு இயங்கியது. 1944 ஆகஸ்ட் 10ஆந் திகதி, இதற்கென 7,200 அடியாக நீட்டப்பட்ட சீனக்குடா ஓடுபாதையில் இருந்து 54 அமெரிக்க பீ-29 விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையை நோக்கி எழுந்தன. 39 விமானங்களே இலக்கை அடைந்தன. போய்வந்த தூரம் 3,800 மைல்களுக்கு மேல். விளைந்த சேதமோ மிகச் சொற்பம். அவ்வளவு உழைப்பும் எரிபொருளும் இதற்காகவா என்று கேட்கத் தோன்றுகிறது.

கொக்கலவில் இன்னொரு வினோதம் நிகழ்ந்தது. 1943 நடுப்பகுதி தொடக்கம் 1945 வரை குவான்டாஸ் நிறுவனத்தின் ஐந்து கட்டலினாக்கள் கொக்கலவுக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையில் தரையிறங்காமற் பறந்தன. 27 மணித்தியாலத்தில் இருந்து 33 மணித்தியாலம் வரை பயணம், மூன்று பயணிகள், கொஞ்சம் தபால். வானொலி மௌனம் காக்கவேண்டியிருந்தமையால் நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டனர். ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைக் கண்டவர்களுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது.

அந்த ஏரிக்கரைக் கிராமத்தவர்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டவர்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊர் அது. வீடுகள் பல இடிக்கப்பட, அவர் பிறந்த வீடு தப்பி நின்றது. இன்று அது நூதனசாலை. ஸ்குவாட்ரன் பதிவேடுகளில் ஒவ்வொரு விமானமும் எழுந்த நேரமும் இறங்கிய நேரமும் நிமிடக் கணக்கில் உண்டு. வீட்டை விட்டுப் போனவர்களின் பெயர்களுக்கு அந்தப் பதிவேடுகளில் இடமில்லை.

வடக்கிலும் அவ்வாறே. பிரித்தானியர் காங்கேசன்துறைத் தளம் என்று குறித்ததையே நாம் பலாலி என்கிறோம். யாழ்ப்பாணத்தின் வளமான செம்மண் மீது போடப்பட்ட ஓடுபாதை அது. 160ஆவது ஸ்குவாட்ரனும், 1945இல் 203ஆவது ஸ்குவாட்ரனும் அங்கிருந்து லிபரேற்றர் விமானங்களை இயக்கின. போர் முடிந்ததும் அவை போய்விட்டன, ஓடுபாதை இருந்தது. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. யாழ்ப்பாணத்தவர் காலையில் புறப்பட்டு மதிய உணவுக்குச் சென்னையில் நிற்கலாம் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது என்று இளையவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

என் தலைமுறைக்குப் பலாலி என்றால் பயணமல்ல, படைத்தளம். நான் செய்தியாளனாக இருந்த காலம் முழுவதும் அந்தச் சொல் எறிகணை, உயர் பாதுகாப்பு வலயம், இடம்பெயர்வு என்பவற்றோடு சேர்ந்தே அச்சேறியது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் போனபோது, அந்த ஓடுபாதையைச் சூழவிருந்த காணிகள் இரண்டாம் முறையாக ஒரு போருக்குப் பலியாயின. காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி சென்னையில் இருந்து வந்த விமானமொன்று அங்கே இறங்கியது. பெருந்தொற்றினால் சேவை நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.