குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் ஊடுருவும் பூஞ்சைத் தொற்று

ஊடுருவும் பூஞ்சைத் தொற்று என்பது தோல், வாய் போன்ற மேற்பரப்புகளோடு நில்லாமல், இரத்தத்திலும் நுரையீரல், கல்லீரல், மூளை முதலிய உள்ளுறுப்புகளிலும் பூஞ்சை பரவும் நிலை. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் உயிருக்கு இது ஆபத்தாக முடியலாம். கீமோதெரபியும் இதனால் தள்ளிப்போகக்கூடும்.

காரணங்கள்

பூஞ்சையை எதிர்ப்பதில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களுக்கு முதன்மைப் பங்கு உண்டு. கீமோதெரபியால் இவை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500க்கும் கீழே குறைந்து, 10 நாட்களுக்கு மேல் அப்படியே இருந்தால் தொற்று அபாயம் கூடுகிறது. கடும் மைலாய்டு லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோய், மீண்டும் தலைதூக்கிய லுக்கீமியா, பிறரிடமிருந்து பெறும் எலும்பு மஜ்ஜை மாற்று, அதிக அளவு ஸ்டீராய்டு ஆகியவை முக்கிய அபாயக் காரணிகள்.

கேண்டிடா என்னும் பூஞ்சை பெரும்பாலும் குடல் வழியாகவோ, மருந்து ஏற்றப் பொருத்திய மைய சிரைக் குழாய் வழியாகவோ இரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்பெர்ஜிலஸ், மியூகார் வகைப் பூஞ்சைகளின் வித்துகள் மூச்சுக்காற்றோடு நுரையீரலையும் சைனஸ் அறைகளையும் அடைகின்றன.

கண்டறிதல்

பல குழந்தைகளிடம் காய்ச்சல் மட்டுமே அறிகுறி. பரந்த வீச்சுள்ள ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் 96 மணி நேரம் காய்ச்சல் தணியாவிட்டால், அபாயம் மிகுந்த குழந்தைக்குப் பூஞ்சை எதிர்ப்பு மருந்து தொடங்கப்படுகிறது. உறுதியான சான்றுக்குக் காத்திருப்பதில்லை. கூடவே நெஞ்சுப் பகுதி சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. பெரியவர்களின் ஸ்கேனில் காணும் தனித்த அடையாளங்கள் குழந்தைகளிடம் குறைவு. தெளிவற்ற முடிச்சுகளே அதிகம் தெரியும். திசுப் பரிசோதனையிலோ இரத்த கல்ச்சரிலோ பூஞ்சை தெரிந்தால் தொற்று உறுதியாகிறது.

சிகிச்சை

காரணம் தெரியாத நீடித்த காய்ச்சலுக்கு லைபோசோம் வடிவ ஆம்போடெரிசின் பி அல்லது காஸ்போஃபன்ஜின் தரப்படும். ஆஸ்பெர்ஜிலஸ் தொற்றுக்கு வோரிகொனசோல் முதன்மை மருந்து. குறைந்தது 6 முதல் 12 வாரங்கள் தர வேண்டும். சிறு குழந்தைகளின் உடல் இதை விரைவில் வெளியேற்றுவதால், எடைக்கேற்ற அளவு பெரியவர்களைவிட அதிகம். இரத்தத்தில் மருந்தின் அளவையும் கண்காணிக்க வேண்டும். மியூகார் தொற்றில் வோரிகொனசோல் பயன்தராது. ஆம்போடெரிசின் பியுடன், இயன்றால் அறுவை சிகிச்சையும் தேவை. கேண்டிடா இரத்தத்தில் கலந்திருந்தால் மைய சிரைக் குழாயை அகற்றுவதோடு, கல்ச்சரில் பூஞ்சை மறைந்த பின்னும் 14 நாட்கள் மருந்து தொடரும்.

ஆம்போடெரிசின் பி சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பொட்டாசியத்தைக் குறைக்கலாம். லுக்கீமியா மருந்தான வின்கிறிஸ்டினோடு வோரிகொனசோல், பொசகொனசோல் போன்ற மருந்துகள் சேர்ந்தால் நரம்புப் பாதிப்பு, கடும் மலச்சிக்கல், வலிப்பு ஏற்படலாம். எனவே இவற்றை ஒருசேரத் தருவது கூடியவரை தவிர்க்கப்படுகிறது.

தடுப்பு

கடும் மைலாய்டு லுக்கீமியா உள்ள குழந்தைகளுக்கும் இளையோருக்கும் தடுப்பு மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. 2019இல் வெளியான, சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப் ஆய்வில், காஸ்போஃபன்ஜின் பெற்றவர்களில் 3.1 சதவீதத்தினருக்கும் ஃபுளுகொனசோல் பெற்றவர்களில் 7.2 சதவீதத்தினருக்கும் ஐந்து மாதங்களுக்குள் தொற்று ஏற்பட்டது. வடிகட்டிய காற்று, கட்டுமானத் தூசி அண்டாத வார்டு, கைகழுவல் ஆகியவையும் தடுப்பில் அடங்கும்.

எந்த மருந்தாயினும், நியூட்ரோபில்கள் மீண்டும் பெருகும் குழந்தைகளிடமே சிகிச்சை சிறப்பாகப் பலன் தருகிறது.